தங்கச்சி, முதலில் அம்மா ஆக்கின சோற்றைச் சாப்பிடுங்கள்

மட்டக்களப்பில் மண்டூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். குவைத்தில் ஒரு வீட்டில் 4 வருடம், அதாவது இரண்டு ஒப்பந்தம், வேலை செய்துவிட்டுத் தை மாதக் கடைசியில் ஊருக்கு வந்திருக்கிறார். மகளுக்கு 11 வயது, மகனுக்கு 6. அவர் இல்லாத காலம் முழுக்கப் பிள்ளைகளைப் பார்த்தது அவருடைய அம்மா. "வந்த மறுநாள் தொடக்கம் நான்தான் சமைக்கிறேன். சோறு குழைந்துபோகிறது. கறியில் உறைப்புக் காணாது என்று என் கணவர் சொல்கிறார். பிள்ளைகள் ஒள்ளுப்பம் கொறித்துவிட்டுப் பின்வளவில் இருக்கிற அம்மாவின் அடுப்படிக்கு ஓடிவிடுகிறார்கள். மகன் அம்மம்மாவைத்தான் அம்மா என்று கூப்பிடுகிறான். அங்கே 12 பேருக்குச் சமைத்த எனக்கு, என் வீட்டில் நாலு பேருக்குச் சமைக்கத் தெரியாமல் போய்விட்டதா?" இதுதான் அவர் கேட்டது.

இல்லை தங்கச்சி, அப்படி ஒன்றுமில்லை. கையில் இருக்கிற சமையல் 4 வருடத்தில் போகாது. போனது வேறு, அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் நீங்கள் செய்யவேண்டிய ஒன்று இருக்கிறது. கேட்கச் சங்கடமாக இருக்கும். ஒரு இரண்டு கிழமைக்கு நீங்கள் சமைக்க வேண்டாம். அம்மாவே சமைக்கட்டும். நீங்கள் பிள்ளைகளோடு ஒரே பாயில் இருந்து, அவர்கள் சாப்பிடுகிறதை, அவர்கள் சாப்பிடுகிற உறைப்பிலேயே சாப்பிடுங்கள்.

நான் 27 வருடம் பள்ளிக்கூடத்தில் மனைப்பொருளியல் படிப்பித்த ஆள். களுவாஞ்சிகுடிப் பக்கம்தான் வீடு. என்னிடம் படித்த பிள்ளைகளில் எத்தனையோ பேருக்குத் தாய் சவூதியிலோ கட்டாரிலோ குவைத்திலோ இருந்தார்கள். வகுப்பில் ரொட்டி சுடப் பழக்கினால், மற்றப் பிள்ளைகள் விளையாட்டாகச் செய்வார்கள். இந்தப் பிள்ளைகள் மட்டும் மாவின் அளவு, தண்ணீரின் அளவு எல்லாவற்றையும் கொப்பியில் கவனமாக எழுதிக்கொண்டு போவார்கள். வீட்டில் தம்பி தங்கச்சிக்குச் சுட்டுக் கொடுக்கவேண்டியது அவர்கள்தானே. அந்தத் தாய்மார் திரும்பி வந்த பிறகு வீட்டில் நடந்ததையும் பிள்ளைகளின் வாயால் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் நீங்கள் சொன்னதேதான். அம்மா வந்தார், சந்தோசம். அம்மா வந்த நாளே சட்டியைப் பிடித்தார், அதோடு வீட்டில் ஒரு மௌனம்.

ஏன் அப்படி என்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் போகும்போது மகனுக்கு 2 வயது. அவன் சோறு என்று அறிந்தது முழுக்க அம்மம்மாவின் சோறுதான். சொதி என்றால் அவர் வைக்கிற சொதி. அதில் மஞ்சள் எவ்வளவு, பச்சை மிளகாய் எத்தனை, தேசிக்காய் எப்போது பிழிவது என்பதெல்லாம் அவனுடைய நாக்குக்குத் தெரியும். அந்தச் சொதி எப்படியென்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் 4 வருடத்துக்கு முன்பு வைத்த சொதியை இப்போது வைக்கிறீர்கள். உங்களுக்கு அது பழைய சொதி. அவனுக்கு அது புதுச் சொதி, புது ஆள் வைத்த சொதி. ஆறு வயதுப் பிள்ளை பழகாத சாப்பாட்டைத் தள்ளிவைப்பது இயற்கை. அதில் உங்கள் மேல் வெறுப்பு ஒன்றும் கிடையாது.

ஆகவே அந்த இரண்டு கிழமையும் வெறுமனே இருந்து சாப்பிடுவதற்கல்ல, பார்ப்பதற்கு. மகள் தட்டில் எந்தக் கறியை முதலில் தொடுகிறாள்? மகன் சோற்றைக் குழைத்துத் தந்தால் சாப்பிடுகிறானா, தானே அள்ளுகிறானா? பிட்டு அவிக்கிற நாளில் மீன் கறி வேண்டும் என்கிறார்களா, வாழைப்பழமும் சீனியும் போதுமா? பள்ளிக்கூடத்துக்கு என்ன கட்டிக்கொண்டு போகிறார்கள், எதைத் திருப்பிக் கொண்டுவருகிறார்கள்? இதையெல்லாம் தொலைபேசியில் கேட்டு அறிய முடியாது. நீங்கள் கேட்டிருப்பீர்கள், "என்ன சாப்பிட்ட மகள்?" என்று. "சோறு" என்று சொல்லியிருப்பாள். அவ்வளவுதான்.

என் கதையையும் சொல்லவேண்டும். என் பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது எனக்கு வவுனியாவுக்கு மாற்றம் வந்தது. 3 வருடம். பள்ளிக்கூட விடுமுறைக்குத்தான் வீடு. பிள்ளைகளை என் அம்மா பார்த்தார். மாற்றம் கிடைத்து ஒரேயடியாக வீட்டுக்கு வந்த அன்று நான் முதலில் செய்த வேலை, குசினியைத் துப்புரவாக்கினது. தட்டில் இருந்த பேணிகள் எல்லாவற்றையும் இறக்கி, கழுவி, காயவைத்து, எனக்குத் தோதான ஒழுங்கில் அடுக்கினேன். தூள் பேணி மேலே, சீனி நடுவில், உப்புப் போத்தல் அடுப்புக்கு இடது பக்கம். அம்மாவுக்கு உதவி செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். பின்னேரம் அம்மா கீரை சுண்ட வந்தார். கண் சட்டியில், கை பின்னால் போகிறது, தட்டைத் தடவுகிறது. மூன்று வருடமாக உப்பு இருந்த இடத்தில் உப்பு இல்லை. இன்னொரு தரம் தடவினார். பிறகு திரும்பி நின்று தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். என்னைக் கூப்பிட்டு எங்கே என்று கேட்கவில்லை. அன்றைக்கு அந்தக் கீரையில் உப்பு இல்லை. பிள்ளைகள் ஒன்றும் பேசாமல் சாப்பிட்டார்கள். நான் செய்த பிழை அப்போதுதான் எனக்கு விளங்கியது. அடுத்த நாள் விடிய முன்பே எழும்பிப் பேணிகளைப் பழைய இடத்தில் வைத்தேன். எது எங்கே இருந்தது என்று எனக்கு முழுதாக நினைவில்லை, மகள்தான் பக்கத்தில் நின்று காட்டித் தந்தாள்.

அதனால் சொல்கிறேன், பேணிகளை அசைக்காதீர்கள். அங்கேயிருந்து கொண்டுவந்த புதுச் சட்டியைக்கூட அவசரப்பட்டுத் தொங்கவிட வேண்டாம்.

இனிச் சமையலுக்கு வருவோம். இரண்டு கிழமை கழித்து நீங்கள் அடுப்படிக்குப் போகும்போது தெரிந்திருக்கவேண்டிய சில விசயங்கள் இருக்கின்றன.

சோறு குழைவதற்குக் காரணம் நீங்களல்ல, அரிசி. நீங்கள் வந்தது பெரும்போக வேளாண்மை வெட்டுகிற நேரம். மாசி, பங்குனியில் எங்கள் வீடுகளில் வேகிறது புது நெல்லுக் குத்தின அரிசி. புது அரிசி தண்ணீரைக் குறைவாகத்தான் குடிக்கும், கெதியாக வெந்து ஒன்றோடொன்று ஒட்டும். மாதக்கணக்காகக் கிடந்து பழசான அரிசிக்குத் தண்ணீர் கூட வேண்டும், சோறும் உதிரியாக வரும். குவைத்தில் நீங்கள் 4 வருடம் ஆக்கினது பாசுமதி. அது பெரும்பாலும் நாள்பட்ட அரிசி, அதை ஊறவைத்துத்தான் ஆக்கியிருப்பீர்கள். அந்தக் கைப்பழக்கத்தில் இந்தப் புது அரிசியையும் ஊறவைத்தால் கஞ்சிதான் மிஞ்சும். ஊறவைக்க வேண்டாம். அரித்து, கல் பார்த்து, கொதிக்கிற உலையில் நேராகப் போடுங்கள். வடிக்கிற சோறு என்றால், ஒரு பருக்கையை விரலில் வைத்து நசித்துப் பாருங்கள். நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளை தெரியும்போதே இறக்கி வடியுங்கள். மிச்சம் மூடியிருக்கிற சூட்டில் வெந்துவிடும். கஞ்சியைக் கொட்டாதீர்கள். ஒரு கல் உப்பும் தேங்காய்ப்பாலும் விட்டுக் கொடுத்தால் பிள்ளைகள் குடிப்பார்கள்.

உறைப்பு விசயம் இன்னும் முக்கியம். முன்பு சொன்னேனே, போனது வேறு என்று, அது இதுதான்: உங்கள் நாக்கின் அளவு. உறைப்பு என்பது உண்மையில் ஒரு சுவை இல்லை, மிளகாயில் இருக்கிற காரப்பொருள் நாக்கின் நரம்பில் உண்டாக்குகிற எரிவு. நாளாந்தம் சாப்பிடுகிறவருக்கு அந்த நரம்பு பழகி எரிவு குறைவாகத் தெரியும். சாப்பிடாமல் விட்டால் அந்தப் பழக்கம் போய், கொஞ்ச மிளகாயும் நெருப்பாகத் தெரியும். அரபு வீட்டுச் சமையலில் ஏலம், கறுவா, கராம்பு, காய்ந்த தேசிக்காய் எல்லாம் இருக்கும், மிளகாய் குறைவு. 4 வருடம் அதைச் சமைத்து அதையே சாப்பிட்ட நாக்கால் நீங்கள் இங்கே கறியை ருசி பார்க்கிறீர்கள். உங்களுக்குச் சரி என்று படுகிற இடத்தில் உங்கள் கணவருக்குப் பாதி உறைப்புத்தான் கிடைக்கிறது. உப்பும் அப்படித்தான், கூடவோ குறையவோ பழகிவிட்டால் நாக்குத் திரும்பச் சில கிழமை எடுக்கும்.

இதற்கு ஒரு வழி. உங்கள் நாக்கை நம்பாமல் மகளின் நாக்கை நம்புங்கள். கறி கொதித்து வரும்போது அவளைக் கூப்பிடுங்கள். அகப்பையால் ஒரு சொட்டு எடுத்து அவளுடைய உள்ளங்கையில் விட்டு, "உப்புப் பார்த்துச் சொல்லு மகள்" என்று கேளுங்கள். அவள் நக்கிப் பார்த்துவிட்டு, முதல் நாள் "நல்லாயிருக்கு" என்றுதான் சொல்வாள். மரியாதைக்குச் சொல்கிறது அது. இரண்டாம் நாளும் கேளுங்கள். "அம்மம்மா வைக்கிற மாதிரி வர இன்னும் என்ன வேணும்?" என்று கேளுங்கள். ஒரு நாள் அவள் தூள் பேணியைத் தானே எடுத்து அரைக் கரண்டி போடுவாள். அன்றைக்கு அந்தக் கறி உங்கள் இருவரின் கறி ஆகிவிடும். 11 வயதுப் பிள்ளை 4 வருடமாக அந்த வீட்டின் சின்னப் பொறுப்புகளைச் சுமந்திருக்கிறாள் தங்கச்சி. அவளைத் திடீரென்று "நீ போய்ப் படி, நான் பார்க்கிறேன்" என்று விலக்கினால், நீங்கள் அன்பாகச் சொன்னாலும் அவளுக்கு அது தன் இடத்தைப் பறித்தது போலத்தான் இருக்கும். படிக்கிற நேரம் படிக்கட்டும், உப்புப் பார்க்கிற வேலை மட்டும் அவளிடமே இருக்கட்டும்.

தூளுக்கு வருவோம். நீங்கள் கடையில் பைக்கற் தூள் வாங்கி வைத்துச் சமைக்கிறீர்களோ என்று எனக்குச் சந்தேகம். வந்த புதிதில் பலர் அப்படிச் செய்வார்கள், அம்மாவைக் கேட்கக் கூச்சம். வீட்டுத் தூள்தான் வீட்டின் ருசி. பிள்ளைகள் பின்வளவுக்கு ஓடுவதில் பாதிக் காரணம் அந்தத் தூளாக இருக்கும். தூள் முடிகிற நேரம் பார்த்து அம்மாவோடு சேர்ந்து வறுங்கள். என் வீட்டு அளவு சொல்கிறேன்: செத்தல் மிளகாய் அரைக் கிலோ, மல்லி அரைக் கிலோ, பெருஞ்சீரகம் 100 கிராம், சின்னச்சீரகம் 50, மிளகு 50, வெந்தயம் 25, மஞ்சள் 25, இரண்டு பிடி கறிவேப்பிலை. உங்கள் அம்மாவின் அளவு வேறாக இருக்கும், அதையே எடுங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுக்கவேண்டும், ஒன்றாகக் கொட்டினால் மல்லி பச்சையாகவும் சீரகம் கருகியும் போகும். வெந்தயத்தில் கண் வையுங்கள், பொன்னிறம் தாண்டினால் தூள் முழுக்கக் கைக்கும். செத்தலைக் கடைசியாக, நெருப்பைத் தணித்து. நன்றாக ஆறினபிறகுதான் மில்லுக்குக் கொடுக்கவேண்டும், அரைத்து வந்ததையும் பரப்பி ஆறவிட்டுத்தான் போத்தலில் போடவேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்துக் கட்டிபட்டுப் பூஞ்சணம் பிடிக்கும்.

அம்மா வறுக்கும்போது அளவை எழுதிக்கொள்ளுங்கள். அவரிடம் கிராம் கணக்கு இருக்காது, "இந்தச் சுண்டில இரண்டு, இந்தக் கையில ஒண்டு" என்பார். அந்தச் சுண்டையே அளந்து எழுதுங்கள். இது அவரைச் சந்தோசப்படுத்தச் செய்கிற தந்திரமில்லை. அந்தத் தூளுக்கு வேறு பிரதி கிடையாது.

அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் பேசவேண்டும். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. கலியாணத்தோடு பெரிய வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டுத் தாய்தகப்பன் அதே வளவில் ஒரு சின்ன வீட்டைப் போட்டு ஒதுங்குவது வழக்கம். உங்கள் அம்மாவும் ஒரு தரம் அப்படி அடுப்பை விட்டு ஒதுங்கினவர்தான். நீங்கள் குவைத்துக்குப் போனதும், ஓய்ந்திருந்த அந்த மனிசி திரும்ப எழும்பிவந்து, இரண்டு சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நாளுக்கு மூன்று நேரம் அடுப்பு மூட்டினார். இப்போது நீங்கள் வந்ததும் இரண்டாம் தரம் ஒதுங்கச் சொல்கிறீர்கள். நீங்கள் வாயால் சொல்லவில்லை, சட்டியைப் பிடித்ததே அவருக்குச் சொன்னமாதிரித்தான். பிள்ளைகள் பின்வளவுக்கு ஓடும்போது அவர் சோறு போட்டுக் கொடுப்பது உங்களுக்கு எதிராக அல்ல. பசித்து வந்த பிள்ளைக்கு இல்லை என்று சொல்ல அவருக்கு எப்படி மனம் வரும்?

அவரிடம் ஒரு சமையல் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். பிள்ளை பெற்ற நாட்களில் உங்களுக்கு வைத்துத் தந்திருப்பாரே, மிளகு, சீரகம், உள்ளி, மஞ்சள் அரைத்து, செத்தல் போடாமல், சின்ன மீனில் பத்தியக் கறி. "அம்மா, எனக்கு அந்தப் பத்தியக் கறி ஒருக்கா வைச்சுத் தாங்க" என்று கேளுங்கள். உங்கள் நாக்குக்கும் அது இப்போது தோது, எரிவு குறைவு. அதைவிட, உங்களைத் தன் பிள்ளையாக வைத்துச் சமைக்க அவருக்கும் ஒரு நாள் வேண்டும். 4 வருடம் அவர் உங்கள் பிள்ளைகளுக்குத் தாய், உங்களுக்குத் தாயாக இருக்க அவருக்கு வாய்க்கவில்லை. அந்தக் கறியைச் சாப்பிடும்போது என்ன பேச்சு வருமோ வரட்டும். அழுகை வந்தாலும் வரட்டும்.

அதன் பிறகு வேலையைப் பிரித்துக்கொள்வது இலேசாகிவிடும். என் வீட்டில் காலைச் சாப்பாடும் பள்ளிக்கூடக் கட்டும் என் கையில், மத்தியானச் சோறும் கறியும் அம்மா கையில், இரவுக்கு இரண்டு பேரும் என்று இருந்தது. அம்மா இருந்தவரைக்கும் அதை நாங்கள் மாற்றவில்லை.

கணவரைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. உறைப்புக் காணாது என்று வாய்விட்டுச் சொல்கிறார் பாருங்கள், அது நல்லது. சொல்லாமல் கடையில் சாப்பிட்டுவிட்டு வருகிற ஆட்களும் உண்டு. அவருக்கென்று ஒரு இடிசம்பல் தனியாக இடித்து வையுங்கள், செத்தல், உப்பு, சின்ன வெங்காயம், ஒரு துண்டு மாசிக் கருவாடு, கடைசியில் தேசிக்காய். கறி எல்லாருக்கும் அளவாக இருக்கட்டும், உறைப்பு வேண்டியவர் சம்பலைத் தொட்டுக்கொள்ளட்டும். அவர் வட்டைக்கு, அதாவது வயலுக்குப் போகிறவர் என்றால், வாழை இலையை வாட்டி ஒரு சோற்றுப் பார்சல் கட்டி, ஒரு நாளைக்கு நீங்களே கொண்டுபோய் வரம்பில் இருந்து இருவரும் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். வீட்டில் அம்மாவும் பிள்ளைகளும் சுற்றிவர இருக்கும்போது பேசமுடியாத காசுக் கதை, கடன் கதை எல்லாம் அங்கே பேசலாம்.

நேரத்தையும் கவனிக்கவேண்டும். இங்கே விடிய 5 மணி என்றால் குவைத்தில் இரவு 2.30. அந்த வீடுகளில் இராச்சாப்பாடே நடுச்சாமத்துக்குக் கிட்ட நடக்கும், எல்லாம் கழுவி முடித்துப் படுக்க ஒரு மணி, இரண்டு மணி. அப்படிப் பழகின உடம்பை இங்கே விடியப் பிட்டு அவிக்க எழுப்பினால், எழும்பும், ஆனால் எரிச்சல்படும். அந்த எரிச்சல் பிள்ளைகள் மேல் விழும். முதல் மாதம் காலைச் சாப்பாட்டைச் சுருக்குங்கள். பாணும் பருப்பும் போதும். அல்லது முதல் நாள் இரவே சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்தால், காலையில் எருமைத் தயிர், சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் போட்டுப் பிசைந்து பழஞ்சோறு. இப்போது தயிர் நன்றாகக் கிடைக்கிற நேரம், சட்டியாக வாங்கலாம். இது எங்கள் மட்டக்களப்புப் பிள்ளைகளுக்குப் பிறந்த நாள் தொடக்கம் தெரிந்த சாப்பாடு, யார் பிசைந்தாலும் ருசி மாறாது. வந்த புதிதில் அப்படி ஒரு சாப்பாடு உங்களுக்குப் பெரிய துணை.

மீன் கறிக்கும் ஒரு சொல். நீங்கள் தேங்காய்ப்பால் பவுடரில் பழகியிருப்பீர்கள். அது கொதித்தாலும் அவ்வளவு இலேசில் திரையாது. இங்கே முதலில் பிழிகிற தலைப்பாலைக் கொதிக்கிற கறியில் விட்டுத் துள்ளவிட்டால் திரைந்து எண்ணெய் தனியாகப் போகும். பிறகு தண்ணீர் விட்டுப் பிழிகிற கடைப்பாலில் புளி, உப்பு, தூள், வெந்தயம், உள்ளி எல்லாம் போட்டுக் கொதிக்கவிட்டு, மீனைப் போட்டு, மீன் வெந்ததும் நெருப்பைக் குறைத்து, அதன் பிறகு தலைப்பால். அகப்பை போடாமல் சட்டியின் காதைப் பிடித்து ஒரு சுழற்றுச் சுழற்றிவிடுங்கள். நுரைத்து ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ் வந்தவுடன் இறக்குங்கள். மண்சட்டி என்றால் இன்னும் கொஞ்சம் முந்தியே இறக்கவேண்டும், அடுப்பை விட்டு இறங்கின பிறகும் அது கொதித்துக்கொண்டே இருக்கும்.

அங்கே பழகின சமையலை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அதை மறைக்காதீர்கள். "அரபிச் சாப்பாடு யாருக்கு வேணும்" என்று யாராவது சொல்வார்கள், விடுங்கள். கோழி மச்பூஸ், அதுதான் கோழியும் வாசனைச் சரக்கும் போட்டு அவர்கள் ஆக்குகிற சோறு, ஆக்கத் தெரியுமே உங்களுக்கு. ஒரு மாதம் போகட்டும். வெள்ளிக்கிழமை வீட்டில் மரக்கறி என்றால் ஒரு சனிக்கிழமையாகப் பாருங்கள். பாசுமதி வாங்கத் தேவையில்லை, கீரிச்சம்பாவில் ஆக்கலாம். காய்ந்த தேசிக்காய் கொண்டுவந்திருந்தால் இரண்டு குத்திப் போடுங்கள். தக்காளியில் அவர்கள் வைக்கிற தக்கூஸுக்குள் எங்கள் பச்சை மிளகாய் நாலைக் கூட வெட்டிப்போடுங்கள். பெரிய தாம்பாளத்தில் கொட்டி எல்லாரும் சுற்றியிருந்து சாப்பிடுங்கள், அங்கே சாப்பிடுகிற மாதிரி. அப்போது பிள்ளைகள் கேட்பார்கள், அங்கே எத்தனை பேர், குசினி எவ்வளவு பெரிசு, நீங்கள் எங்கே இருந்து சாப்பிட்டீர்கள் என்று. சொல்லுங்கள். நீங்கள் எங்கே இருந்து சாப்பிட்டீர்கள் என்பதையும் உண்மையாகவே சொல்லுங்கள். 4 வருடம் தாய் எங்கே போனார், என்ன செய்தார் என்று பிள்ளைகளுக்குத் தெரியவேண்டும். அனுப்பின காசில் கூரை போட்டது தெரியும், அந்தக் காசு எப்படி வந்தது என்று தெரியாது. அதை ஒரு தாம்பாளத்தைச் சுற்றியிருந்து சொல்வது இலேசு.

உங்கள் உடம்பையும் பாருங்கள். வெயில் படாமல் வீட்டுக்குள்ளேயே வருடக்கணக்காக வேலை செய்தவர்களுக்கு விற்றமின் டி குறைந்திருக்கும், இரத்தமும் பல பெண்களுக்குக் குறைந்துதான் இருக்கும். பக்கத்து ஆஸ்பத்திரியில் காட்டி இரத்தம் சோதித்துப் பாருங்கள். முருங்கை இலை, பொன்னாங்காணி சுண்டும்போது இறக்கினபிறகு தேசிக்காய் பிழியுங்கள், கீரையில் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு எடுக்க அந்தப் புளிப்பு உதவும். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிப்பதை ஒரு மணித்தியாலம் தள்ளிவையுங்கள், தேயிலைச் சாயம் அந்தச் சத்தைத் தடுக்கும். இது உங்கள் மகளுக்கும் வேண்டியது, அவளும் வளர்ந்து வருகிற வயது.

கடைசியாக மகன். அவன் அம்மம்மாவை அம்மா என்று கூப்பிடுவதைத் திருத்தாதீர்கள், அதுவும் சாப்பாட்டு நேரத்தில் வேண்டவே வேண்டாம். "நான்தான் உன்ர அம்மா" என்று சொல்லிச் சொல்லி ஊட்டினால் பிள்ளைக்குச் சோறு இறங்காது. அவன் உங்களை எப்படிக் கூப்பிடுகிறான் என்று எழுதவில்லை. ஒன்றும் சொல்லிக் கூப்பிடாமல் இருக்கிறான் என்று நினைக்கிறேன். என் சின்னவனும் அப்படித்தான் இருந்தான். மூன்று மாதம் என்னைப் பெயர் இல்லாமல் கடந்துபோனான். எனக்குத் தேவையான எதையும் கேட்டால் கொண்டுவந்து தருவான், என்னிடம் எதையும் கேட்கமாட்டான். அதுதான் எனக்கு நெஞ்சை அடைத்தது.

அப்போது அம்மாவுக்குக் கண் மங்கத் தொடங்கியிருந்தது. ஒரு நாள் மத்தியானம் கீரி மீன் பொரித்திருந்தோம். கீரியில் முள் அதிகம், மயிர் மாதிரி மெல்லிசு. அம்மா கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பிடித்து முள் எடுத்துக்கொண்டிருந்தார், அவனுக்குப் பசி. நான் என் தட்டில் ஒரு மீனைப் பிரித்து, நடுமுள்ளை வாலோடு சேர்த்து உருவி, பக்கத்து முள்ளை விரலால் தடவித் தடவி எடுத்து, சதையை மட்டும் ஒரு ஓரத்தில் சேர்த்து வைத்தேன். அவனைப் பார்க்கவில்லை. அவன் கொஞ்ச நேரம் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தன் தட்டை என் பக்கம் தள்ளி, "முள்ளு" என்றான். அவ்வளவுதான், பெயரும் சொல்லவில்லை, தாங்க என்றும் சொல்லவில்லை. அன்று தொடக்கம் மீன் உள்ள நாளெல்லாம் அவனுடைய தட்டு என் பக்கம்தான் வந்தது.

ஆகவே தங்கச்சி, பிள்ளைக்குக் கரைச்சல் இல்லாமல் இருக்கட்டும் என்று பாரையும் சூரையும் துண்டு மீனாகவே வாங்காதீர்கள். களுவாஞ்சிகுடிச் சந்தைக்கு, வாவியைக் கடக்கிற பாதை என்கிற மிதவையில் ஏறி வருகிற நாளில் கீரியோ சாளையோ அரைக் கிலோ வாங்குங்கள். நன்றாகக் கழுவி, உப்பும் மஞ்சளும் கொஞ்சத் தூளும் பிரட்டி அரை மணித்தியாலம் வைத்து, எண்ணெய் நன்றாகச் சூடானபிறகு போடுங்கள், சட்டியில் ஒட்டாது. முள்ளோடு பொரித்து, அவனுக்குப் பக்கத்தில் இருங்கள். முதலில் உங்கள் தட்டில் முள் எடுங்கள்.

மறுகா எப்படிப் போகிறது என்று எழுதுங்கள். தூள் அளவை அம்மாவிடம் கேட்டு எழுதினால் அதையும் எனக்கு அனுப்புங்கள், வாவிக்கு மேற்கே உங்கள் படுவான்கரைப் பக்கத்துத் தூளில் மிளகு கூட என்று என் அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன், பார்க்க ஆசை.